718 கடைசல்: இன்சர்ட் நிக்க மாட்டேங்குது, போர் அளவும் ஓடுது. யாராவது சொல்லுங்க

பிரிவு: பட்டறை, எந்திரம், வெல்டிங் › சிங்கப்பூர்

குல்சர்க்கிள் | திங்கள், இரவு 11:20

எல்லாருக்கும் வணக்கம். இங்க ஆறு வருஷமா சிஎன்சி லேத்துல இருக்கேன். 4140, 316, டூப்ளெக்ஸ்னு ஸ்டீல் வகை இதெல்லாம் கண்ண மூடிட்டு ஓட்டுவேன். போன வாரம் முதல் தடவையா இன்கோனல் 718ங்கிற நிக்கல் கலவை கைக்கு வந்துச்சு. கடலடி வால்வுக்கு சீட் ரிங் (வால்வுக்குள்ள உக்கார்ற வளையம்). வெளி விட்டம் 118, நீளம் 90, உள்ள போர் (நடுத்துளை) 64 எச்7, அதாவது 64.000லிருந்து 64.030க்குள்ள நிக்கணும். எல்லாம் மில்லியில. மொத்தம் 24 பீஸ்.

இதுக்கு வாங்கின உருண்டைக் கம்பி (பார்) விலையச் சொல்லியே சூப்பர்வைசர் மொத நாள் பயமுறுத்திட்டாரு. "ஒண்ணு போனா உன் ஒரு மாசச் சம்பளம்"னாரு. சரி, நிதானமாப் போவோம்னு வெட்டு வேகம் நிமிஷத்துக்கு 20 மீட்டர், ஃபீட் (ஒரு சுத்துக்கு டூல் நகர்றது) 0.05, கட் ஆழம் 0.2 வச்சேன். ஸ்டீலுக்குப் போடுற அதே 80 டிகிரி மூலை இன்சர்ட்தான் (டூல்ல மாட்டுற கார்பைடு வெட்டுத் துண்டு). கூலன்ட் நல்லாவே அடிக்குது.

பிரச்சினை மூணு:

ஒரு பாஸ் முழுசா முடியல, அதுக்குள்ள இன்சர்ட்ல கட்டோட ஆழம் முடியுற கோட்டுல எலி கடிச்ச மாதிரி ஒரு பள்ளம். ஜாப் மேல பார்த்தா கண்ணாடி மாதிரி மினுங்குது. ஆனா அடுத்த பாஸ்ல டூல் கத்துது.

போரை மெஷின்ல வச்சே அளந்தா 64.012. மறுநாள் காலைல இன்ஸ்பெக்‌ஷன் ரூம்ல 63.995னு திருப்பி அனுப்புறாங்க. சரி, அஞ்சு மைக்ரான் (0.005 மில்லி) சுரண்டி எடுப்போம்னு போனா மொத பாஸ்ல ஒண்ணுமே எடுக்கல. ரெண்டாவது பாஸ்ல லபக்குனு கடிச்சு 64.041 ஆயிடுச்சு. இப்படியே மூணு பீஸ் போச்சு.

ரிங் முகத்துல 6.8 டிரில் போட்டு எம்8 மரை (திரெட்). டிரில் நாலு ஓட்டைக்கு மேல தாங்கல. மரை வெட்டுற டேப் ஒண்ணு உள்ளயே ஒடிஞ்சு நிக்குது.

நாளைக்கு மத்தியானம் மறுபடி மெஷின்ல நிக்கணும். என்ன பண்றதுன்னு தெரியல.

நைட்ஷிஃப்ட் | திங்கள், இரவு 11:52

20 மீட்டரே அதிகம் பாஸ். 12ல ஓட்டுங்க. ஃபீட 0.03 ஆக்குங்க. மெதுவா ஓட்டினா எந்த மெட்டலும் வழிக்கு வரும். நான் பதினஞ்சு வருஷமா இப்படித்தான்.

கோவைகட்டிங் | செவ்வாய், அதிகாலை 12:30

நைட்ஷிஃப்ட் அண்ணா, கோவிச்சுக்காதீங்க. வேகத்தைக் குறைங்கன்னு சொன்னீங்க, அதுல பாதி நியாயம் இருக்குதுங்க. ஃபீடக் குறைக்கச் சொன்னது மட்டும் இந்தத் தம்பிய இன்னும் குழிக்குள்ள தள்ளும்.

தம்பி, ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. 118 விட்டத்துக்குச் சுற்றளவு சுமாரா 371 மில்லி. 90 மில்லி நீளத்தை 0.05 ஃபீட்ல எடுத்தா ஜாப் 1800 சுத்து சுத்தணும். அப்ப டூல் முனை அந்த உலோகத்து மேல நடக்கிற தூரம் 667 மீட்டர். அதையே 0.2 ஃபீட்ல எடுத்தா 450 சுத்து, 167 மீட்டர். ஒரே பாஸுக்கு உங்க டூல நாலு மடங்கு தூரம் நடக்க விடுறீங்க. அதுவும் செருப்பில்லாம.

நேரத்தையும் பாருங்க. 20 மீட்டர் வேகம், 0.05 ஃபீட்னா ஒரு பாஸுக்கு 33 நிமிஷம். 40 மீட்டர், 0.2னா 4 நிமிஷம் சொச்சம். 718ல கார்பைடு முனை உருப்படியா நிக்கிறதே பத்துப் பதினஞ்சு நிமிஷம்தானுங்க. 33 நிமிஷம் நிக்கச் சொன்னா அது எங்க போய் நிக்கும்?

இன்னொண்ணு. ஸ்டீலுக்கான இன்சர்ட்டோட வெட்டு முனைய மொட்டையாத்தான் உருட்டி விட்டிருப்பாங்க. அந்த உருட்டலே 0.05க்குப் பக்கத்துல இருக்கும். நீங்க குடுக்கிற ஃபீடும் 0.05. அப்ப அது வெட்டலைங்க, நசுக்குது. இந்த உலோகத்தை நசுக்க நசுக்க இறுகும். நீங்க பார்த்த கண்ணாடி மினுக்கம் நல்ல ஃபினிஷ் இல்லைங்க, இறுகிப்போன தோல். அடுத்த பாஸ்ல அந்தத் தோல்லயே 0.2 ஆழத்துல டூல் உரசிட்டுப் போகுது. அதான் கத்துது.

பழையடர்னர் | செவ்வாய், காலை 6:05

தம்பி கோவை சொன்ன கணக்கு அத்தனையும் சரி. மொட்டை அருவாமனையில தக்காளி நறுக்கின மாதிரிதான், தோல் நசுங்கும், வெட்டாது.

நான் ஜூரோங்குல கைலேத்துல வேலை கத்துக்கிட்டவன். இப்ப ஓய்வு. அந்தக் காலத்துல மோனல் கே-500 பம்ப் ஷாஃப்ட் வரும். எங்க தலைமை டர்னர் சீனர், மலாய்ல திட்டுவாரு. "பயந்தா தொடாத, தொட்டா பயப்படாத"ங்கிற அர்த்தத்துல. நிக்கல் சேர்ந்த உலோகம் எல்லாத்துக்கும் அந்தத் திட்டு பொருந்தும்.

எல்லாரும் இது கெட்டியான உலோகம்னு நினைக்கிறாங்க. அச்சு செய்யுற டூல் ஸ்டீல் இதைவிட எவ்வளவோ கெட்டி, அதை நாம கடையலையா? இங்க தொல்லை சூடு போற வழியில இருக்கு. சாதா ஸ்டீல்ல வெப்பம் கடத்தும் அளவு 50ன்னா 718ல 11தான். ஸ்டீல்ல பிறக்கிற சூட்டைச் சுருள் தூக்கிட்டுப் போயிடும், கொஞ்சம் ஜாப்புக்குள்ள பரவிடும். இதுல ரெண்டும் சரியா நடக்காது. சூடெல்லாம் டூல் மூக்குலயே உக்காந்துக்கும். அதுவும் போக, மத்த உலோகம் சூடானா இளகும். இதை உண்டாக்கினதே ஜெட் எஞ்சின் சூட்டுல இளகாம நிக்கணும்னு. 600, 650 டிகிரியிலயும் பலம் விடாது. டூல் இளகுது, ஜாப் இளகல. யாரு ஜெயிப்பா?

அதனால நைட்ஷிஃப்ட் சொன்ன மாதிரி வேகத்தை அடக்கி வைக்கிறது தப்பில்ல. வேகம்தான் சூடு. ஃபீடும் ஆழமும் தைரியமா இருக்கணும். டூல் முனை எப்பவும் இறுகின தோலுக்குக் கீழ, புது உலோகத்துல இருக்கணும். அஞ்சு மைக்ரான் சுரண்டுறது இதுல நடக்காத கதை. மூணு பீஸ் அதுலதான் போச்சு, உன் கைத்தப்பு இல்ல.

டூல்வண்டி | செவ்வாய், காலை 9:15

டூல் விக்கிறவன்னு முன்னாடியே சொல்லிடுறேன். செராமிக் போடுங்க சார். விஸ்கர் செராமிக், 250 மீட்டர் வேகம். உங்க 118க்கு 675 ஆர்பிஎம் பக்கம் வரும். சுருள் செவசெவன்னு பறக்கும், பார்க்கவே தீபாவளி. 4 நிமிஷ பாஸ் 1 நிமிஷத்துல முடியும். டெமோவுக்கு நானே வர்றேன்.

கோவைகட்டிங் | செவ்வாய், மதியம் 1:10

மேற்கோள்: "செராமிக் போடுங்க சார்"

நான் இப்ப இருக்கிறது சிலேத்தார் பக்கம், எஞ்சின் பாகம்தான் வேலை. செராமிக் தினமும் ஓட்டுறோம். ஆனா எங்கன்னா, ரஃபிங்ல (மொத முரட்டுக் கட்டுல) மட்டும். ஆயிரம் டிகிரி கிட்ட வெட்டுற இடத்துல சூடு ஏறும், அந்தச் சூட்டுலதான் உலோகம் முனைக்கு முன்னாடி இளகும், அதுதான் அதோட வித்தையே. அதுக்கு மெஷின் மலை மாதிரி நிக்கணும், சக் பிடி அசையக் கூடாது, கூலன்ட் அடிச்சா நிறைய அடிக்கணும், இல்லேன்னா அடிக்கவே கூடாது. நடுவுல விட்டு விட்டு அடிச்சா செராமிக் வெடிச்சிரும்ங்க. கடைசிக் கட்டுக்குச் செராமிக் தொடக் கூடாதுன்னு எழுதியே குடுக்கிற வாடிக்கையாளருங்க இருக்காங்க, மேல்தோல்ல இழுவிசை தங்கிடும்னு.

24 பீஸுக்கு, முதல் தடவை கை வைக்கிற தம்பிக்கு, வேண்டாம். கார்பைடுலயே போங்க:

வெப்பம் தாங்குற உலோகத்துக்குன்னே வர்ற கூர்மையான பிவிடி (மெல்லிசான மேல்பூச்சு) இன்சர்ட் கேளுங்க. 80 டிகிரியத் தூக்கிப் போட்டுட்டு சதுர இன்சர்ட், 45 டிகிரி சாய்வு ஹோல்டர். இல்லேன்னா வட்ட இன்சர்ட். அந்த "எலி கடி"க்கு மருந்து இதுதானுங்க. நேரா நிக்கிற முனையில ஆழக்கோடு ஒரே புள்ளியில உரசிக்கிட்டே இருக்கு. அங்கதான் முந்தின பாஸ்ல இறுகின தோல் இருக்கு, பிசிறும் இருக்கு. சாய்ச்சு வெட்டினா அந்த உரசல் நீளமாப் பரவிடும். இன்னொரு தந்திரம், புரோகிராம்ல ஆழத்தைச் சரிவா விடுங்க. இந்தப் பக்கம் 2 மில்லியில ஆரம்பிச்சு அந்தப் பக்கம் 1 மில்லியில முடிங்க. அடுத்த பாஸ் மிச்சத்தை நேராக்கிரும். கோடு ஒரே இடத்துல நிக்காது.

ரஃபிங் 35 மீட்டர், ஃபீட் 0.2, ஆழம் 1.5 வாக்குல ஆரம்பிங்க. ஃபினிஷிங்குக்கு 0.3 மில்லியாவது விட்டு வைங்க. ஃபீட் 0.12க்குக் கீழ போகாதீங்க. ஃபினிஷ் பாஸுக்கு ஒவ்வொரு ஜாப்புக்கும் புது முனை. கஞ்சத்தனம் பார்க்காதீங்க, இன்சர்ட் விலை கம்பி விலையில தூசு.

துவாக்குடிடார்ச் | செவ்வாய், இரவு 9:40

வெல்டர் பேசலாமா? திருச்சி பெல் பக்கத்துப் பட்டறையில ஆரம்பிச்சது, இப்ப துவாஸ் கடைசி. டர்னர் அண்ணன்மாருக்கு ஒரு வழக்கு வச்சிருக்கேன்.

நாங்க ஸ்டீல் பாடிக்கு உள்ள 625ங்கிற நிக்கல் கலவை வெல்டிங் கம்பி வச்சு மேல்பூச்சு வெல்டு போடுவோம். ஹாட் வயர் டிக் (கம்பியச் சூடாக்கிக் குடுக்கிற டிக் வெல்டிங்). வரைபடத்துல கடைசல் முடிஞ்சு 3 மில்லி நிக்கணும், அந்த மேல்பரப்புல இரும்பு 5 சதத்தைத் தாண்டக் கூடாது. அடி ஸ்டீல் உருகி மேல கலந்து வருது பாருங்க, அந்த இரும்பு. அதை அடக்கத்தான் ரெண்டு லேயர், சின்னச் சூடு, நடுவுல 150 டிகிரிக்குக் கீழ ஆறவிட்டுத் திரும்பப் போடுறதுன்னு தவம் கிடக்கிறோம். ஸ்டீல் மாதிரி உருகின குளம் ஓடவும் செய்யாது. தேன் மாதிரி மந்தமா நிக்கும், நாமதான் கையால கொண்டு போய் வைக்கணும்.

அஞ்சரை மில்லி போட்டு டர்னர் கையில குடுத்தோம். அவரு மையம் பார்க்காம சக்குல மாட்டி ஒரே இழுப்பு. ஒரு பக்கம் 4 மில்லி நிக்குது, எதிர்ப்பக்கம் 2.6. ரிப்போர்ட்டு வெல்டர் மேல! கடையுறதுக்கு முன்னாடி வெல்டு செஞ்ச பகுதிய டயல் வச்சு ஒரு சுத்துப் பாருங்கய்யா. வெளி விட்டத்தைப் பார்த்து மையம் பிடிச்சா உள்ள பூச்சு எங்க நிக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

பழையடர்னர் | செவ்வாய், இரவு 10:15

டார்ச் தம்பி, வழக்கு நியாயம். எங்க பக்கமும் ஒண்ணு கேளு. வெல்டு மேடும் பள்ளமுமா வருது. மொத கட்டு மேட்டுல மட்டும் படும், பள்ளத்துல காத்து. தட்டித் தட்டி இன்சர்ட் உதிரும். மொத கட்டே பள்ளத்தோட அடிவரைக்கும் போயிடணும்னா நீங்க போதுமான தடிமன் குடுத்திருக்கணும்.

தப்பா கேட்கிறேன்னு நினைக்காதே, நாங்க வெட்டுற எண்ணெயில கந்தகம் கலந்தது உண்டு. அதைத் துடைக்காம வெல்டுக்கு அனுப்பினா என்ன ஆகும்?

துவாக்குடிடார்ச் | செவ்வாய், இரவு 10:31

ஐயோ, அண்ணே. நிக்கலும் கந்தகமும் சேர்ந்தா 640 டிகிரி வாக்குலயே உருகுற கலவை ஆயிடும். நிக்கல் உருக 1455 வேணும். வெல்டு ஆறி இறுகும்போது ஓரத்துல அந்தக் கலவை மட்டும் தண்ணியா நிக்கும், சுருங்குற இழுப்புல பிளந்துரும். எண்ணெய் மட்டுமில்ல, பெயின்ட் மார்க்கர், கிரீஸ், சூடு பார்க்கிற சாக்கட்டி எல்லாத்துலயும் கந்தகமோ ஈயமோ இருக்கலாம். அசிட்டோன் போட்டுத் துடைச்சு, வெள்ளைத் துணியில கறை வராத வரைக்கும் துடைக்கணும்.

கருப்புத் தோலையும் விடக் கூடாது. நிக்கல் ஆக்சைடு உருகுறது 1950 டிகிரிக்கு மேல. அது மேல வெல்டு போட்டா அடியில உலோகம் உருகும், தோல் உருகாம உள்ள மாட்டிக்கும். ஒவ்வொரு லேயருக்கும் நடுவுல தேய்ச்சு எடுக்கணும். அதுக்குத் தனி பிரஷ், தனி சக்கரம். சாதா ஸ்டீல் தேய்ச்ச சக்கரத்தை இதுல வச்சவனை எங்க ஃபோர்மேன் டார்ச்சாலயே அடிப்பாரு.

நெறியாளர் | செவ்வாய், இரவு 10:50

வெல்டிங் பேச்சு நல்லா போகுது, ஆனா கேள்வி கேட்டவரு காத்திருக்காரு. 625 மேல்பூச்சுக்குத் தனி இழை திறக்கிறேன். நண்பர்கள் அங்க வாங்க.

மைக்ரான்அக்கா | புதன், காலை 7:25

நான் இன்ஸ்பெக்‌ஷன் பக்கம் இருக்கிறவ, லோயாங்ல. 63.995 திருப்பி அனுப்புற பாவிங்க கூட்டத்துல நானும் ஒருத்தி.

குல்சர்க்கிள் தம்பி, 64.012க்கும் 63.995க்கும் நடுவுல 17 மைக்ரான். அது எங்கயும் ஓடலப்பா, சூட்டுல ஒளிஞ்சிருக்கு. 718 ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 13 மைக்ரான் விரியும். கடைஞ்சு முடிச்ச கையோட ஜாப் 40 டிகிரியில இருந்திருக்கும். எங்க ரூம் 20. இருபது டிகிரி வித்தியாசம், 64 மில்லிக்குக் கணக்குப் போடு, அதே 17 வரும். எச்7 மொத்தமே 30 மைக்ரான். பாதிக்கு மேல வெயிலே தின்னுடுச்சு. துவாஸ், குல் பக்கப் பட்டறையில மதியம் கதவைத் திறந்து வச்சா 32 டிகிரி, காலையில வேற, மழை பெஞ்சா வேற. ஊசியா அளக்கிறவங்க இதைக் கணக்குல வைக்காம முடியாது.

செய்ய வேண்டியது: ஃபினிஷுக்கு முன்னாடி ஜாப்பை அப்படியே விட்டு ஆறவை. அந்த நேரத்துல வேற பீஸ் ரஃபிங் ஓட்டு. 64 மாஸ்டர் ரிங் ஒண்ணு வாங்கி மெஷின் பக்கத்துலயே வை, ரிங்கும் ஜாப்பும் ஒரே சூட்டுல இருக்கும். போர் கேஜை அந்த ரிங்ல பூஜ்யம் வச்சுட்டு ஜாப்ல அளந்தா கிட்டத்தட்ட உண்மை தெரியும். இலக்கு 64.015, நடுவுல நில்லு.

இப்ப எனக்கு ஒரு சந்தேகம். கம்பியோட மில் சான்றிதழ்ல எந்த ஸ்பெக்குன்னு பாரு. கெட்டித்தனம் எவ்வளவுன்னும் பாரு. வரைபடத்துல என்ன கேட்டிருக்குன்னும் எழுது. கடலடி வால்வுன்னு சொன்னதாலதான் கேட்கிறேன்.

குல்சர்க்கிள் | புதன், இரவு 11:05

அக்கா, உங்க கேள்விய ஏன் கேட்டீங்கன்னு இப்பதான் உறைக்குது.

ஸ்டோர்ல போய்ச் சான்றிதழ் வாங்கிப் பார்த்தேன். ஏஎம்எஸ் 5663. கெட்டித்தனம் 43 எச்ஆர்சி (ராக்வெல் அளவு). வரைபடத்துல ஏபிஐ 6ஏசிஆர்ஏ (எண்ணெய், வாயுத் தொழில் ஸ்பெக்), 120கே பலம்னு இருக்கு. ரெண்டும் 718தானே? எக்ஸ்ரே கன் வச்சு அடிச்சுப் பார்த்தாங்களாம், 718னு பச்சை காட்டுச்சாம்.

மைக்ரான்அக்கா | வியாழன், காலை 6:50

கன் பொய் சொல்லல. கன்னுக்குத் தெரிஞ்சது என்ன கலந்திருக்குங்கிறது மட்டும்தான். நிக்கல் 50லிருந்து 55 சதம், குரோமியம் 17லிருந்து 21, நயோபியம் 5 வாக்குல, மிச்சம் இரும்பு முதலானது. ரெண்டு கம்பிக்கும் இது ஒண்ணேதான். மாவு ஒண்ணு, சுட்ட விதம் வேற. இட்லியும் தோசையும் ஒரே மாவுதானே, கன் வச்சா ரெண்டும் பச்சைதான் காட்டும்.

ஏஎம்எஸ் 5663 விமானத்துக்கு. ஆயிரம் டிகிரி வாக்குலயோ அதுக்குக் கீழயோ சூடாக்கி உள்ள இருக்கிற கட்டங்களைக் கரைச்சு (உலோகத்தை உருக்கறது இல்ல), அப்புறம் 720ல 8 மணி நேரம், மெல்ல 620க்கு இறக்கி அங்க நிறுத்தி, மொத்தம் 18 மணி நேரம் பதப்படுத்துறது. பலம் உச்சத்துக்குப் போகும். அந்தக் குறைஞ்ச சூட்டுல உலோகத்துக்குள்ள இருக்கிற படிக மணிகளுக்கு நடுவுல டெல்டான்னு ஒரு கட்டம் ஊசி ஊசியா நிக்கும். சுழலுற டிஸ்க்குக்கு அதுல லாபம் உண்டு, மணி பெருசா வளராது.

கடலடியில கதை வேற. அங்க ஹைட்ரஜன் உள்ள புகும், அந்த டெல்டா ஊசி வழியாத்தான் பிளவு ஓடும். அதனால ஏபிஐ 1021லிருந்து 1052 டிகிரிக்குள்ள கரைக்கச் சொல்லுது, பிறகு 774லிருந்து 802க்குள்ள ஒரே பதம், 6லிருந்து 8 மணி நேரம். மணி ஓரத்துல டெல்டா தொடர்ச்சியா நிக்காம இருக்கான்னு நுண்ணோக்கியில பார்க்கணும். கெட்டித்தனம் 32லிருந்து 40. உன் கம்பி 43. கந்தக வாயு இருக்கிற கிணத்துக்கான விதியிலயும் இந்த நிலையில இருக்கிற 718க்கு 40தான் வரம்பு.

உன் இன்சர்ட் சாகுறதுல கொஞ்சம் பங்கு இந்த 43க்கும் உண்டு. ஆனா இப்ப அது முக்கியமில்ல. அந்த ரிங் அந்த வால்வுல போகவே கூடாது. வேலைய நிறுத்து.

நைட்ஷிஃப்ட் | வியாழன், காலை 8:30

இதுக்கு எதுக்கு இவ்வளவு? ஃபர்னஸ்ல போட்டு ஏபிஐ சூடு குடுத்து எடுத்தா முடிஞ்சது.

மைக்ரான்அக்கா | வியாழன், மதியம் 12:40

முடியாது. பாதி கடைஞ்ச ரிங்கை ஆயிரம் டிகிரிக்கு மேல ஏத்தினா வளையும், அளவு மாறும், மணி வளரும். அப்படியே கம்பியா இருக்கும்போதே செய்யுறதுன்னாலும் இழுவைச் சோதனை, தாக்குச் சோதனை, நுண்ணோக்கிப் படம் எல்லாம் புதுசா வேணும், வாடிக்கையாளர் எழுத்துல சம்மதிக்கணும். லேத் பக்கத்துல நின்னு நாம எடுக்குற முடிவு இல்ல இது.

குல்சர்க்கிள் | வியாழன், இரவு 10:20

சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். "கன் பச்சை காட்டுச்சில்ல, நீ கடையுற வேலைய மட்டும் பாரு"ன்னாரு. நான் ஒர்க் பெர்மிட். வீட்ல போன மாசம்தான் தங்கச்சி கல்யாணக் கடன். என்ன செய்யன்னு புரியாம டார்மிட்டரி மாடியில உக்காந்து இதை டைப் பண்றேன்.

பழையடர்னர் | வெள்ளி, காலை 5:40

சண்டைக்குப் போகாதே. நீ தப்புக் கண்டுபிடிச்சேன்னு எழுதாதே. சந்தேகம் கேட்கிற மாதிரி எழுது. சான்றிதழையும் வரைபடத்துல அந்த ஒரு வரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே படமா எடு. "சார், வரைபடத்துல இது இருக்கு, கம்பியில இது இருக்கு, எதை வச்சு ஓட்டட்டும்? உறுதி பண்ணிச் சொன்னா ஆரம்பிக்கிறேன்." அவ்வளவுதான். சூப்பர்வைசருக்கும் தர ஆளுக்கும் ஒண்ணா அனுப்பு. ஃபோன்ல சொன்னது காத்தோட போயிடும், எழுதினது நிக்கும். அப்புறம் "ஓட்டு"ன்னு எழுத்துல சொல்ற தைரியம் யாருக்கும் வராது, நான் பார்த்திருக்கேன்.

துவாக்குடிடார்ச் | வெள்ளி, காலை 6:15

அண்ணன் சொன்னதுதான் வழி. எங்கிட்ட ஒரு தடவை 625 கம்பின்னு சொல்லி வேற சுருளைக் குடுத்தாங்க. இதே மாதிரி படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷத்துல சுருள் மாறுச்சு, யாரும் ஒண்ணும் கேட்கல.

குல்சர்க்கிள் | அடுத்த புதன், இரவு 9:30

வெள்ளிக்கிழமை காலைல அதே வார்த்தைய அனுப்பினேன். பதினோரு மணிக்கு தர மேனேஜரே மெஷின் பக்கத்துக்கு வந்தாரு. கம்பிக்குச் சிவப்பு டேக் கட்டி ஓரமா வச்சிட்டாங்க. வாங்கினவங்க "718 தானே"ன்னு கையில இருந்ததை எடுத்து அனுப்பியிருக்காங்க. போன மூணு பீஸைப் பத்தி யாரும் பேச்சே எடுக்கல. எப்படியும் அந்த 24ம் குப்பைதான். சூப்பர்வைசர் ரெண்டு நாள் முகம் குடுக்கல, நேத்து அவரே கோப்பி வாங்கிக் குடுத்தாரு.

புதுக் கம்பி நேத்து வந்துச்சு. ஏபிஐ ஸ்பெக், 37 எச்ஆர்சி. சதுர இன்சர்ட், 45 டிகிரி. கோவை அண்ணன் சொன்ன நம்பர் அப்படியே: 35 மீட்டர், 0.2, 1.5. ஸ்டார்ட் அமுக்கும்போது கை நடுங்கிச்சு, உண்மையச் சொல்றேன். சத்தமே வேற மாதிரி வந்துச்சு. கத்தல் இல்ல, கனமா ஒரு உறுமல். சுருள் குட்டையா ஒடிஞ்சு விழுது. ஒரு முனையில ரெண்டு பாஸ் எடுத்துட்டுத் திருப்பிடுறேன். பள்ளம் விழுது, ஆனா மெல்லிசா, பரவலா.

டிரில் உள்ளயே கூலன்ட் வர்ற கார்பைடு. பெக் போடாம ஒரே இறக்கு. மரைக்கு டேப்பை விட்டுட்டு திரெட் மில் (ஓட்டைக்குள்ள சுத்தி வந்து மரை வெட்டுற சின்ன கட்டர்). ஒடிஞ்சாலும் உள்ள மாட்டிக்காதுல்ல.

கோவைகட்டிங் | அடுத்த புதன், இரவு 10:00

அருமைங்க தம்பி. பெக்க விட்டது நல்லது. ஒவ்வொரு தடவ டிரில் தூக்கி இறக்கும்போதும் அடியில உரசி இறுக்கி வச்சிரும், அடுத்த இறக்கத்துல அதையே கடிக்கணும். கூலன்ட் கலவைய வாரம் ஒரு தடவ ரிஃப்ராக்டோமீட்டர்ல பாருங்க, 8லிருந்து 10 சதம் இருக்கட்டும். இந்த ஊர் வெக்கையில தண்ணி ஆவியாகும், அதுக்கு வெறும் தண்ணியையே கொட்டிக்கிட்டிருந்தா கலவை நீர்த்துப் போகும். அப்புறம் சுருளை 316 பீப்பாய்ல கொட்டிராதீங்க. தனியா வச்சா பழைய இரும்புக்காரர் குடுக்கிற விலையே வேற.

குல்சர்க்கிள் | அடுத்த புதன், இரவு 10:12

கொட்டிட்டேன் அண்ணா. மொத வாரச் சுருள் முழுக்க 316ஓட கலந்து போச்சு. இப்பதான் நீலப் பீப்பாய் ஒண்ணு தனியா வாங்கி வச்சிருக்கேன்.

மைக்ரான்அக்கா | அடுத்த புதன், இரவு 10:40

போர் என்ன வந்துச்சுன்னு சொல்லவே இல்லையே.

குல்சர்க்கிள் | அடுத்த சனி, காலை 8:10

அக்கா, 11 பீஸ் முடிஞ்சது. ரிங் வச்சுப் பூஜ்யம் பண்ணி அளந்ததுல 64.014, 64.017, 64.013. இன்ஸ்பெக்‌ஷன் ரூம்ல அதிகபட்சம் 3 மைக்ரான் வித்தியாசம். ஒண்ணு கூடத் திரும்பல.

ஆனா இன்னிக்குக் காலைல ஷிஃப்ட் மாத்தி வந்து பார்க்கிறேன், மெஷின் பக்கத்துல செத்த இன்சர்ட் ஏழெட்டு கிடக்கு, எல்லாத்துலயும் அதே எலி கடி. ஜாப் கண்ணாடி மாதிரி மினுங்குது. புரோகிராமை யாரும் தொடல. ஃபீட் ஓவர்ரைடு குமிழ் (புரோகிராம் ஃபீடக் கையால கூட்டிக் குறைக்கிறது) மட்டும் 30 சதத்துல நிக்குது.

நைட்ஷிஃப்ட் அண்ணே, நீங்க எந்தக் கம்பெனின்னு இதுவரைக்கும் சொல்லவே இல்லையே?

நைட்ஷிஃப்ட் | அடுத்த சனி, காலை 8:25

நான் பயனியர் பக்கம் பாஸ். நான் இல்ல.

குமிழ் மேல டேப் ஒட்டிட்டு வாங்க.